மூசைக்குள் நடக்கிற பந்தி

இந்தப் பையை உங்கள் காலடியில் வைத்துக்கொள்ளட்டுங்களா? பயப்படாதீங்க, கனமே இல்லை. தூக்கிப் பாருங்க. பார்த்தீங்களா, பூசணிக்காய் அளவு இருக்கிறது, தேங்காய் எடைகூடத் தேறாது. மக்னீசியமுங்க. பழம் இன்னொரு பையில் இருக்கிறது. அதுதான் கனம், அதை நானே மடியில் வைத்துக்கொள்கிறேன்.

நான் அதிகம் பேசுகிறவன் இல்லைங்க. கூச்ச சுபாவம். உக்கடத்தில் பஸ் ஏறினால் உடுமலை வரைக்கும் பக்கத்து சீட்டில் இருப்பது ஆணா பெண்ணா என்றுகூடத் திரும்பிப் பார்க்க மாட்டேன். என்னமோ இன்றைக்கு உங்கள் முகத்தைப் பார்த்தால் பொறுமையான மனுஷராகத் தெரிகிறது. கண்ணை மூடியிருந்தீங்க. ஆனால் தூங்கவில்லை என்று கண்டுபிடித்துவிட்டேன். தூங்குகிறவருக்கு வாய் திறந்திருக்கும்.

உடுமலையில் சம்பந்தி வீட்டுக்குப் போகிறேன். சம்பந்தி என்று சொல்லலாமா கூடாதா என்பது இன்று சாயங்காலம் தெரிந்துவிடும். அவர் பையன் சபரிக்கும் என் பெண் கிருத்திகாவுக்கும் கார்த்திகையில் நிச்சயம் என்று பேசி வைத்திருந்தோம். இப்போது எல்லாம் அந்தரத்தில் நிற்கிறது. என் வீட்டுக்காரி மயிலாத்தாள் சொல்லி அனுப்பியிருப்பது ஒரே வார்த்தை. "தப்பு எம்பேர்லதானுங்கன்னு சொல்லிப்போட்டு வந்துருங்க. வேற ஒண்ணும் பேச வேண்டாம்." செய்யாத தப்பை எப்படிங்க செய்தேன் என்று சொல்வது? ஆயுசில் ஒரு தப்புக் கணக்குப் போட்டவன் இல்லை நான். அதனால்தான் அவள் பழம் எடுத்து வைத்தாள், நான் இதை எடுத்து வைத்தேன். சாட்சி. நிச்சயம் பேசப் போகிற இடத்துக்கு விரிசல் விட்ட சாமானையா கொண்டு போவாங்க என்று வாசல் வரைக்கும் கத்தினாள். சாட்சி இல்லாமல் நியாயம் எப்படிப் பேசுவது?

அவர் பேர் திருமூர்த்தி. ரெண்டு பேருக்கும் கணபதிப் பக்கம் ஒரே பவுண்டரியில் வேலை. அவர் மணலில் அச்சுப் பிடிப்பார். நான் உலோகத்தை உருக்கி அதில் ஊற்றுவேன். வார்ப்பு நன்றாக வந்தால் முதலாளி பேர் வாங்குவார். கெட்டுப்போனால் நான் மணலைச் சொல்வேன், அவர் என் உருக்கை, அதாவது நான் உருக்கினதை, சொல்வார். இத்தனை வருஷமாக அப்படித்தான் சிநேகிதம். பிள்ளைகள் ரெண்டும் தங்களுக்குள் பேசி முடித்துவிட்டு எங்களிடம் வந்து சொன்னபோது, அவர் என்னைக் கட்டிக்கொண்டு, "மச்சான், இனிமே எவன் மேல பழி போடறது?" என்றார். அப்படி ஒரு மனுஷன். அவரா இப்படிச் செய்தார் என்று நினைத்தால் எனக்கே ஆறவில்லை.

விரிசல் எங்கே இருக்கிறது தெரிகிறதுங்களா? துணியை விலக்கிப் பாருங்க. வயலுக்கு மருந்து அடிக்கிற ட்ரோன் இருக்கிறதே, அதன் மோட்டார் மூடி இது. தடிப்பான இடமும் மெலிசான இடமும் சேருகிற மூலையில், ஆமாம், அங்கேதான், தலைமுடி மாதிரி ஓடுகிறது. இது ஏன் வருகிறது என்று தெரிந்துகொண்டால்தான் என் பக்க நியாயம் உங்களுக்குப் பிடிபடும். நான் ஆறாம் வகுப்புங்க. எனக்குத் தெரிந்த மாதிரி சொல்கிறேன்.

சுத்தமான மக்னீசியம் தண்ணீர் மாதிரி. தண்ணீர் ஒரே குளிரில் பனிக்கட்டி ஆகிறதில்லையா, அது போல அறுநூற்று ஐம்பது டிகிரியில் நின்று அப்படியே இறுகிவிடும். வேறு ஏதாவது கலந்தால் அந்த ஒழுங்கு போய்விடும். கொஞ்சம் இறுகும், கொஞ்சம் தண்ணியாக நிற்கும், நடுவில் ரொம்ப நேரம் களிக்கும் கூழுக்கும் இடைப்பட்ட நிலைமை. யார் யார் எவ்வளவு கலந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் அந்தக் கூழ் எத்தனை நேரம் கிடக்கும், எப்படி இறுகும் என்பதெல்லாம்.

கல்யாணப் பந்தி பார்த்திருக்கீங்க இல்லையா? அதேதான் மூசைக்குள்ளும் நடக்கிறது. மூசை என்பது நாங்கள் உருக்குகிற பானை. பந்தியில் இலை போட்டாயிற்று. எல்லாரும் என்ன செய்வாங்க? "நீங்க உட்காருங்க", "இல்லை இல்லை, நீங்க உட்காருங்க" என்று நின்றுகொண்டே இருப்பாங்க. ஒரு ஆள் கூச்சப்படாமல் போய் உட்கார்ந்தால்தான் அவரைச் சுற்றி நாலு பேர் உட்காருவாங்க. சிர்கோனியம் என்று ஒன்று இருக்கிறது. அவர்தான் அந்த ஆள். துளிதான் போடுவோம். பந்தல் முழுக்க அங்கங்கே போய் முதலில் உட்கார்ந்துவிடுவார். அவரைச் சுற்றிச் சின்னச் சின்னக் கூட்டமாக மக்னீசியம் உட்காரும். அதை நாங்கள் மணி என்போம். மணி பொடியாக இருந்தால் சாமான் கெட்டி.

துத்தநாகம் கடைசிப் பந்தி ஆளுங்க. எல்லாரும் பாயசம் குடித்து இலையை மடிக்கிற நேரத்தில் கைகழுவிக்கொண்டு வருவார். ஒருத்தர் ரெண்டு பேர் என்றால் சமாளித்துவிடலாம். கூட்டமாக வந்தால்? இந்தப் பக்கம் இறுகினவங்க சுருங்கி இழுக்கிறாங்க. அந்தப் பக்கம் இவங்க இன்னும் தண்ணியாக நின்றுகொண்டிருக்கிறாங்க. நடுவில் பந்தல் துணி கிழிகிறது. அந்தக் கிழிசல்தான் இந்த மூடியில் ஓடுகிற முடி.

அலுமினியம் பரிமாறுகிற ஆள். நூற்றுக்கு மூன்று பேர் வந்தால் காணாது. ஒன்பது பேர் வந்தால் ஏகப் பாந்தம். கடைசி வரைக்கும் வாளியும் கையுமாக நின்று, எங்கே கிழிகிறதோ அங்கே ஓடிப்போய் ஊற்றி அடைத்துவிடும்.

ஆனால் ஒன்றுங்க. அலுமினியமும் சிர்கோனியமும் ஒரே பந்தலுக்கு வரவே கூடாது. சண்டை என்று நினைக்காதீங்க, பாசம்! பார்த்தவுடனே கட்டிப்பிடித்துக்கொண்டு, மூசைக்குள்ளே அடியில் போய் உட்கார்ந்துவிடும் ரெண்டும். அப்புறம் முதலில் உட்காருவதற்கு யார்? மணி தாறுமாறு, விரிசல், நாசம். அதனால் எங்கள் பவுண்டரியில் ரெண்டு உருக்கு. ஒன்று அலுமினியம் வகை, துத்தநாகம் துளிதான், இந்த மூடிக்கு. இன்னொன்று சிர்கோனியமும் துத்தநாகமும் போட்ட வகை, வேறு வேலைக்கு. ஒன்றின் வாடை இன்னொன்றில் படாது. நான் இருக்கிற வரைக்கும் படவிட மாட்டேன்.

எப்படி என்று கேளுங்க. வார்ப்பிலிருந்து அறுத்துப் போடுகிற காம்பு, கொண்டை எல்லாவற்றையும் நாங்கள் திரும்ப உருக்குவோம். ரெண்டு வகைத் துண்டும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். பெற்றவளுக்கே அடையாளம் தெரியாது. தனித்தனி அறை கட்டிப் பூட்டுப் போடலாம் என்று லேப்பில் இருக்கிற நிவேதா என்கிற பெண் சொன்னது. பூட்டு எதுக்கு கண்ணு, ஒரு பொட்டுப் போதும் என்றேன். அலுமினியம் துண்டுக்குச் சிவப்புப் பெயிண்டில் ஒரு பொட்டு. சிர்கோனியத்துக்கு ஒன்றும் கிடையாது. பொட்டு இருந்தால் அலுமினியம், இல்லாவிட்டால் சிர்கோனியம். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். இத்தனை வருஷத்தில் ஒரு துண்டு மாறியதில்லை.

இப்போது ஆயுத பூசை வந்தது.

பூசையை எங்கள் பவுண்டரியில் நான்தான் பார்ப்பேன். மற்றவங்க உலைக்கு ஒரு சந்தனம், மெஷினுக்கு ஒரு சந்தனம் என்று தீற்றிவிட்டுப் பொரிகடலைக்குப் போய்விடுவாங்க. எனக்கு அரைகுறையே ஆகாதுங்க. உலைக்கு வைத்தேன். இடுக்கிக்கு வைத்தேன். அகப்பை, தராசு, முதலாளியின் பழைய ஸ்கூட்டர், வாசலில் படுத்திருந்த நாயின் கழுத்துப்பட்டை, எதையும் விடவில்லை. எல்லாம் முடிந்து திரும்பினால் மூலையில் அந்தத் துண்டுகள். அவையும் நமக்குச் சோறு போடுகிறவைதானே? வெறும் நெற்றியோடு கிடக்கிறதே என்று மனசு கேட்கவில்லை. உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் துடைத்து, ரெண்டு குவியலுக்கும் ஓரவஞ்சனை இல்லாமல் குங்குமம் வைத்தேன். சும்மா வைத்தால் உதிர்ந்துவிடும் என்று நல்லெண்ணெயில் குழைத்து, நல்ல வட்டமாக, பெயிண்ட் தோற்றுப்போகிற மாதிரி. தரையைக் கழுவுவதற்காக எல்லாவற்றையும் ஒரே இடத்தில் ஒதுக்கி வைத்துவிட்டு வந்தேன். திருமூர்த்தி எட்டிப் பார்த்து, "மச்சான், வாங்க, பொரி தீர்ந்துபோச்சு" என்றார். தீர்ந்தால் தீரட்டும். கடமை முக்கியம்.

விடுமுறை முடிந்து வந்து மூடிக்கு உருக்கினேன். சிவப்புப் பொட்டு இருந்ததை மட்டும்தானுங்க எடுத்துப் போட்டேன். பொட்டு இல்லாத துண்டை நான் தொடவே இல்லை. தொடுவதற்கு அங்கே ஒன்றுகூட இல்லை என்பது வேறு விஷயம். பூசைக்கு முன்னால் அத்தனை கிடந்த சிர்கோனியம் துண்டு, திரும்பி வந்து பார்த்தால் மாயம்! லீவில் எவனோ அடித்துக்கொண்டு போயிருக்கிறான். நானும் காவலுக்கு இருக்கிறவனை விரட்டி விரட்டிக் கேட்டுப் பார்த்துவிட்டேன். இன்னும் துப்புக் கிடைக்கவில்லை.

என்னங்க கேட்டீங்க? குங்குமத்தை யார் வைத்ததா? சொன்னேனே, நான்தான். ரெண்டு குவியலுக்குமா என்றா? ரெண்டுக்கும்தான். ஒன்றுக்கு வைத்து ஒன்றுக்கு வைக்காமல் விட்டால் பாவமில்லையா?

ஏனுங்க, ஏனுங்க, என்ன ஆச்சு? புரை ஏறிவிட்டதா? கண்ணெல்லாம் தண்ணீர் வருகிறதே. சில பேருக்குக் கிணத்துக்கடவு தாண்டினால் இப்படித்தான் குமட்டும். இந்தாங்க எலுமிச்சம்பழம், மோந்து பாருங்க. துண்டை வாயில் வைத்துக்கொள்ளுங்க. தோள் எதுக்கு இப்படிக் குலுங்குகிறது? ஜன்னலைத் திறந்துவிடுகிறேன். சரி, நீங்கள் பேச வேண்டாம், நானே பேசுகிறேன்.

ஊற்றினதில் பாதிக்கு மேல் விரிசல். முதலாளி ஜெகந்நாதன் இந்த மூடியைக் கையில் தூக்கிக்கொண்டு வந்து, "நாச்சிமுத்து, என்னய்யா இது?" என்று எல்லாருக்கும் முன்னால் கேட்டார். என் உருக்கில் குற்றம் இருக்க வழியே இல்லை. பொட்டுப் பார்த்துப் போட்டிருக்கிறேன். அப்போது மிச்சம் என்ன? மணல். "மணல் ஈரமுங்க" என்று சொன்னேன். சம்பந்தி ஆகப் போகிறவர் என்று தாட்சண்யம் பார்க்கலாமா? நான் நியாயம் பார்த்தேன்.

திருமூர்த்திக்கு வந்ததே கோபம். "ஏ மச்சான், என்ற மணல்ல ஈரமா? மக்னீசியத்தை ஈர மணல்ல ஊத்தினா என்ன ஆகும்னு தெரியாதா உங்களுக்கு? பட்டுன்னு வெடிச்சு, கூரைத் தகரம் காந்திபுரத்தில போய் விழுந்திருக்குமே!"

"விழவில்லை அல்லவா, அது உங்கள் அதிர்ஷ்டம்" என்றேன். எல்லாரும் சிரித்தாங்க. அவரைப் பார்த்துத்தான் சிரிக்கிறாங்க என்று நான் கண்டுகொள்ளவில்லை.

அந்த நேரம் பார்த்து நிவேதா பொண்ணு சோதனைக் காகிதத்தோடு ஓடி வந்தது. "சார், துத்தநாகம் ரெண்டு மடங்கு ஏறியிருக்கு. மூசைக்குள்ள அடியில சிர்கோனியம் சேறாத் தங்கியிருக்கு. ரெண்டு துண்டையும் யாரோ கலந்துட்டாங்க."

முதலாளி முகம் உலை மாதிரி ஆகிவிட்டது. "கலந்தவன் எவனா இருந்தாலும் சரி, இன்னையோட கணக்கை முடிச்சுட்டுப் போயிரட்டும். இந்த வாசல்ல கால் வைக்கக் கூடாது" என்றார். நானும் "அப்படித்தானுங்க செய்யணும்" என்று பலமாகச் சொன்னேன்.

திருமூர்த்தி மூலைக்குப் போனார். மிச்சம் கிடந்த ஒரு துண்டை எடுத்தார். கட்டைவிரலால் பொட்டைத் தேய்த்தார். விரலைப் பார்த்தார். மோந்து பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, துண்டைக் கீழே போட்டுவிட்டு முதலாளியிடம் வந்து, "மணல்தானுங்க. நான்தான் சரியாக் காய வெக்கலை. லேப்புப் பேப்பரை விடுங்க" என்றார்.

நிவேதா வாயைத் திறந்தது. "நீ சித்தெ சும்மா இரு கண்ணு" என்று அதட்டினார். அதுவும் என்னைப் பார்த்தது, அவரைப் பார்த்தது, காகிதத்தை மடித்துக்கொண்டது.

பார்த்தீங்களா? அவர் வாயாலேயே ஒப்புக்கொண்டார். இதற்கு மேல் சாட்சி வேண்டுமா? முதலாளி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி அரைமணி நேரம் அவரைத் திட்டி, பதினைந்து நாள் வர வேண்டாம் என்று ஊருக்கு அனுப்பிவிட்டார். போகும்போது என் காதருகே குனிந்து, "மச்சான், இனிமே பொட்டு நீலப் பெயிண்டுல வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மணல்காரருக்கு என் பொட்டைப் பற்றி என்ன கவலை? தோற்றுப்போகிறவர் ஏதாவது யோசனை சொல்லாமல் போனதாக நான் பார்த்ததில்லை.

அவரே ஒப்புக்கொண்டார், நானும் பெருந்தன்மையாக விட்டுவிட்டேன். அதோடு முடிந்திருக்க வேண்டும். அவர் வீட்டுக்காரி கனகாள் முடிய விடவில்லை. மயிலாத்தாளுக்குப் போன் போட்டு, "என்ற ஊட்டுக்காரரு மணல் பிடிச்ச கை காய்ச்சுப்போயிருக்குது. அவரை ஊர் பார்க்க ஈரமணல்னு சொன்ன ஊட்ல நாங்க பொண்ணு எடுக்கறதா இல்லைங்க" என்று வைத்துவிட்டாள். கிருத்திகா ரெண்டு நாள் சோறு தொடவில்லை. மூன்றாம் நாள் நானே உட்காரவைத்து, இப்போது உங்களிடம் சொன்னேனே, அதே மாதிரி ஆதியோடந்தமாகச் சொன்னேன். குங்குமம் வந்ததும் தாயும் பெண்ணும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டாங்க. கிருத்திகா என் கையைப் பிடித்து, "அப்பா, நீங்க ரொம்ப நல்லவருங்கப்பா. ஒரே ஒரு நாள் கொஞ்சம் கம்மியா நல்லவரா இருந்திருக்கலாம்" என்றது. பிள்ளைக்கு என் அருமை தெரிகிறது. தாய்க்குத்தான் தெரியவில்லை. "போய்க் கால்ல விழுங்க" என்று பழத்தை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டாள்.

பொள்ளாச்சி வந்துவிட்டதா? இங்கே பத்து நிமிஷம் நிற்பான். நீங்கள் இறங்கிப் போய்விடாதீங்க, இனிமேல்தான் முக்கியமான கட்டம்.

ஏனுங்க! அதோ பாருங்க, முன் படியில் ஏறுகிறாரே, கையில் மாட்டுக் கயிறு. அவரேதானுங்க! சந்தைக்கு வந்திருப்பார் போலிருக்கிறது. திருமூர்த்தி! சம்பந்தி! இங்கே வாங்க, மூன்று பேர் சீட்டுத்தான். சித்தெ தள்ளி உட்காருங்க சார்.

நல்லா இருக்கீங்களா? உங்கள் வீட்டுக்குத்தான் வந்துகொண்டிருக்கிறேன். பையில் என்னவா? பழமுங்க. அதிலா? அதில் மூடி. ஆமாம், விரிசல் விட்டதேதான். எதுக்கு நெற்றியில் அடித்துக்கொள்கிறீங்க? இருங்க, நான் பேசிவிடுகிறேன்.

இதோ இவர் முன்பின் தெரியாதவர். உங்களுக்கும் வேண்டாதவர் இல்லை, எனக்கும் வேண்டியவர் இல்லை. பூசை முதற்கொண்டு ஒன்று விடாமல் இவரிடம் சொல்லியிருக்கிறேன். இவரே நடுவர். மணலில் தப்பு என்றால் நீங்கள் ஒத்துக்கொண்டது ஒத்துக்கொண்டதுதான். உருக்கில் தப்பு என்று இவர் ஒரு வார்த்தை சொல்லட்டும், இதே பஸ்ஸில் உங்கள் காலில் விழுகிறேன். நாளைக் காலையில் முதலாளியிடம் நானே போய்ச் சொல்லிவிட்டு, வேலையையும் விட்டு நின்றுவிடுகிறேன். எனக்கு ஒரே நாக்கு. செய்வேனா மாட்டேனா என்று உங்களுக்குத் தெரியும்.

சம்பந்தி, நீங்கள் எதுக்கு அவரைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறீங்க? ஜாடை காட்டக் கூடாது. கையெடுத்தும் கும்பிடக் கூடாது. நடுவரைக் கலைக்கிற வேலை என்னிடம் நடக்காது.

நீங்கள் சொல்லுங்க சார். பயப்படாதீங்க. ஒரு பெண்ணின் கல்யாணம், ஒரு மனுஷனின் வேலை, அவ்வளவுதான். மனசில் பட்டதைச் சொல்லுங்க. என்னங்க? சத்தமாகச் சொல்லுங்க, வண்டியை எடுத்துவிட்டான், காது கேட்கவில்லை.

மணலா?

கேட்டீங்களா சம்பந்தி! படித்தவர், பாருங்க, ஒரு நொடியில் பிடித்துவிட்டார். மணல் ஈரம்! நான் சொன்னால் கனகாளுக்குக் கோபம் வருகிறது. இதை யார் சொன்னது? ஊரா, உறவா? போகட்டும் விடுங்க, எனக்கு மனசில் ஒன்றும் இல்லை. உங்களை மன்னித்துவிட்டேன். கையை எடுங்க, எதுக்கு அவர் கையை அப்படிப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்கிறீங்க? தீர்ப்பு உங்களுக்கு எதிராகத்தானே வந்திருக்கிறது?

என்ன சொல்கிறீங்க? கார்த்திகை எட்டாம் தேதியே வைத்துக்கொள்ளலாமா? மயிலாத்தாளிடம் இப்போதே போன் போட்டுச் சொல்லட்டுமா? சரிங்க. சரிங்க. வீட்டில் நான் ஒன்றும் பேச வேண்டாமா? கும்பிடு போட்டுவிட்டு, காப்பியைக் குடித்துவிட்டு, சிரித்த முகமாக உட்கார்ந்தால் போதுமா? கனகாளிடம் எல்லாம் நீங்களே பேசிக்கொள்கிறீங்களா? அதுவும் நல்லதுதான். எனக்கும் நாலு பேர் முன்னால் பேச வராது.

ஆனால் சம்பந்தி, சொந்தம் என்று ஆகிவிட்ட பிறகு உங்களை இப்படியே விட்டால் அது எனக்கு அழகில்லை. இன்னொரு தடவை முதலாளி உங்களை ஒரு சொல் சொல்லக் கூடாது. நான் முடிவு பண்ணிவிட்டேன். நீங்கள் திரும்ப வேலைக்கு வருகிற நாளிலிருந்து, தினமும் காலையில் உங்களுக்கு முன்னால் வந்து, உங்கள் மணலை ஒவ்வொரு கைப்பிடியாகப் பிடித்துப் பார்த்து, காய்ந்திருக்கிறது என்று நான் சொன்ன பிறகுதான் நீங்கள் அச்சில் கைவைக்கலாம். ரிட்டயர் ஆகும் வரைக்கும். அதற்கு அப்புறமும் வருகிறேன், எனக்கென்ன வேலை?

சார், நீங்களே பாருங்க இவர் முகத்தை. சந்தோஷத்தில் மாட்டுக் கயிற்றைத் தன் கையிலேயே சுற்றி முடிச்சுப் போட்டுக்கொள்கிறார்.